ஏலகிரி மலை இறங்கும்போது பிரேக் 'மக்கர்' பண்ணுவது ஏன்? பொலிரோ, சுமோ வைத்திருப்போர் உஷார்!

வேலூர்:

வேலூரில் வெயில் 'சதம்' அடிக்கத் தொடங்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏலகிரி மலை நிரம்பி வழிகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பகுதிகளில் தோல் மற்றும் ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு பக்கத்தில் இருக்கும் குளுகுளு இடம் இதுதான். ஒரே வண்டியில் பாட்டி முதல் கைக்குழந்தை வரை பத்து பேர். கூடவே பிரியாணி டப்பா, தண்ணி கேன், பாய், தலகாணி.

சுமோ, குவாலிஸ் எல்லாம் உற்பத்தி நின்று பல வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் செகண்ட் ஹேண்டில் வாங்கி ஓட்டுபவர்கள் இங்கே ஏராளம். பொலிரோ பற்றி சொல்லவே வேண்டாம். இந்த வண்டிகள் மலை ஏறும்போது இன்ஜின் முக்கும், முனகும், ஆனால் ஆபத்து குறைவு. சாயங்காலம் இறங்கும்போதுதான் சோதனை.

அண்டா தண்ணி கொதிக்கும் சூடு

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மேலே அத்தனாவூரில் இருந்து அடிவாரம் பொன்னேரி வரை சுமார் 500 மீட்டர் உயரம் இறங்க வேண்டும். ஆட்களோடு சேர்த்து இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை வெறும் பிரேக்கை மட்டும் அமுக்கிக்கொண்டே கீழே கொண்டு வந்தால் என்ன ஆகும்? கணக்கு போட்டுப் பார்த்தால், 30 லிட்டர் தண்ணீரை கொதிக்க வைக்கும் அளவுக்கு சூடு உண்டாகிறது. ஆம்பூர் பிரியாணிக்கு உலை வைக்கிற ஒரு அண்டா என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு சூடும் நாலு சக்கரத்தில் இருக்கும் சின்ன சின்ன பிரேக் பேடுகளிலும், ஷூக்களிலும்தான் இறங்குகிறது.

சூடு ஏற ஏற பேடு பிடிக்கும் சக்தி குறையும். கருகிய வாடை வரும். அடுத்து நடப்பதுதான் பயங்கரம். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் கொதிக்கும். அதுவே ஈரம் குடித்த பழைய ஆயில் என்றால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் பைப்புக்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். பெடலை மிதித்தால் குமிழ்தான் நசுங்குமே தவிர பிரேக் பிடிக்காது. டிரைவரின் கால் 'சொத்'தென்று தரை வரை போகும். காலையில் நன்றாக இருந்த பிரேக் சாயங்காலம் இல்லாமல் போவது இப்படித்தான்.

பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றி, ஏர் எடுக்க வேண்டும். குறைந்தால் டாப்-அப் பண்ணுவது மட்டும் போதாது. குறைகிறது என்றாலே ஒன்று பேடு தேய்ந்திருக்கும், இல்லை எங்கேயோ லீக் இருக்கும். அவசரத்துக்கு கையில் கிடைத்த இன்ஜின் ஆயிலை அதில் ஊற்றுகிறவர்களும் உண்டு. அது உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்களை ஊதிப் போகச் செய்துவிடும். அப்புறம் மாஸ்டர் சிலிண்டரே போச்சு.

நியூட்ரல் போடாதீங்க

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களை என்ன சொல்வது? சிலர் சாவியையே ஆஃப் பண்ணிவிடுகிறார்கள். பிரேக்கை லேசாக மிதித்தாலே பிடிப்பதற்கு காரணம், இன்ஜின் ஓடும்போது கிடைக்கும் வேக்குவம்தான். இன்ஜின் நின்றால் இரண்டு, மூன்று மிதியிலேயே அது தீர்ந்து பெடல் கல்லு மாதிரி ஆகிவிடும். ஸ்டியரிங்கும் இறுகும். இன்னொரு விஷயம்: புதிய சி.ஆர்.டி.ஐ. வண்டிகளில் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் தானாகவே கட் ஆகிவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓட டீசல் எரிகிறது. ஆக மிச்சம் என்பதே சும்மா.

எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்பது பழைய டிரைவர்கள் சொல்லும் பாடம். இரண்டாவது கியரில் விட்டால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டு வராமல், வளைவுக்கு முன்னால் நன்றாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு காலை எடுத்துவிட வேண்டும்.

வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, வளைந்துவிடும். கியரில் போட்டு சக்கரத்துக்கு கல் வையுங்கள். (கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்க சாமி, பின்னால் பைக்கில் வருகிறவன் விழுவான்.)

பிரேக் போயே போச்சு என்றால்? இன்ஜினை அணைக்காதீர்கள். பெடலை மிதித்து மிதித்து விடுங்கள், கொஞ்சம் பிடிப்பு திரும்பலாம். கியரை ஒவ்வொன்றாக இறக்கி, கை பிரேக்கை கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் வழுக்கும். வேறு வழியே இல்லை என்றால் பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கம் உரசி நிறுத்துவதுதான் உயிருக்கு நல்லது.

பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? பின்சக்கர உள்பக்கம் எண்ணெய் கசிந்திருக்கிறதா? அப்படியானால் ஆக்சில் ஆயில் சீல் போய் பிரேக் ஷூ நனைந்திருக்கலாம். ஷூவை துடைத்துப் போடுவதில் பிரயோஜனம் இல்லை, மாற்றித்தான் ஆக வேண்டும்.

டயரில் 4 நம்பர்

பிரேக் எவ்வளவு ஜோராக இருந்தாலும் ரோட்டைப் பிடிப்பது டயர்தான். மலைக்கு வருவதற்கு முன்பே பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர் என்று கொதிக்கும் தேசிய நெடுஞ்சாலையில் டயர் பாடாய்ப் படுகிறது.

வெயில் காலத்தில் காத்து கம்மியாக வைத்தால் டயர் வெடிக்காது என்று ஒரு நம்பிக்கை நம்ம ஊரில் இருக்கிறது. நடப்பது நேர் எதிர். காத்து குறைந்தால் டயரின் பக்கவாட்டு ரப்பர் மடங்கி மடங்கி சூடேறும். பத்து பேர் பாரமும் சேர்ந்தால் வெடிக்கும். டிரைவர் கதவு ஓரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவை, காலையில் வண்டி ஓடுவதற்கு முன் அடியுங்கள். முழு லோடுக்கு தனி அளவு இருக்கும். ஓடி சூடான டயரில் அளவு கூடத்தான் காட்டும், அதைப் பார்த்து காத்தை இறக்கிவிடக் கூடாது.

டயர் மாற்றும்போது கம்பெனி சொன்ன சைஸ்தான் போட வேண்டும். பொலிரோ என்றால் 215/75 ஆர்15, பழைய இன்னோவா என்றால் 205/65 ஆர்15. அதை அடுத்து வரும் எண் அந்த டயர் தாங்கும் பாரம். 94 என்றால் ஒரு டயருக்கு 670 கிலோ. விலை குறைவு என்று இந்த எண் குறைந்த டயரை வாங்கினால் குடும்பத்தோடு போகும் வண்டிக்கு ஆகாது.

அடுத்து முக்கியமானது வயசு. டயரின் பக்கவாட்டில் டாட் என்ற ஆங்கில எழுத்துகளோடு வரும் வரிசையில் கடைசி நாலு எண்களைப் பாருங்கள். 2419 என்றால் 2019-ம் ஆண்டின் 24-வது வாரத்தில் தயாரானது. போடாமல் பெட்டியிலேயே வைத்த ஷூவின் சோல் சில வருடத்தில் பொடிப்பொடியாக உதிர்வதை ஷூ கம்பெனிக்காரர்கள் பார்த்திருப்பார்கள். டயர் அப்படி உதிராது. ஆனால் ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் விறைத்து உள்ளுக்குள் வெடிப்பு விடும். பாலீஷ் போட்டு பளபளவென்று விற்கும் செகண்ட் ஹேண்ட் டயரில் பட்டன் மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. பட்டன் 1.6 மில்லி மீட்டருக்கு கீழே தேய்ந்தால் அது மொட்டை டயர். காடியின் அடியில் சின்ன மேடு இருக்கும், ரப்பர் அதோடு சமமானால் மாற்ற வேண்டியதுதான்.

கையில் காசு இரண்டு டயருக்குத்தான் இருக்கிறதா? எல்லோரும் புதுசை முன்னால் போடச் சொல்வார்கள். பின்னால் போடுங்கள். மழையில் முன் டயர் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் வண்டியே சுற்றிக்கொள்ளும்.

அந்த நாலு நம்பரை ஸ்டெப்னியிலும் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் வண்டிகளில் பெரும்பாலும் வண்டி வாங்கிய நாளில் வந்த அதே டயர்தான் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும்.