ஸ்பீக்கரைக் கழட்டிட்டா ஆம்ப் அமைதியாகிடுமா?

திருவண்ணாமலையில் பௌர்ணமி ராத்திரின்னா கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரும் விடிய விடிய விழிச்சிருக்கும். மத்த நாட்களில் பத்து மணிக்கு மேல் தெருவே அடங்கிடும். சுவரோடு சுவர் ஒட்டின வீடுகள். அந்த நேரத்தில் டியூப் ஆம்பில் ஒரு கார்டு அடிச்சா, பக்கத்து வீட்டுத் தாத்தா எழுந்து வந்துடுவார். அவர் பக்கம்தான் சட்டமும் இருக்கு. 2000-இல் வந்த ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை வரம்பு 45 டெசிபல்.

"அப்போ வால்யூமைக் குறைச்சு வாசிக்க வேண்டியதுதானே?" அங்கதான் சிக்கல். டியூப் ஆம்பின் அந்தக் கனமான ஓசை, பவர் டியூப்களை நல்லா உழைக்க விடும்போதுதான் வருது. 50 வாட் ஆம்புக்குப் பதிலா 5 வாட் ஆம்ப் வாங்கினாலும் பெரிசா தப்பிக்க முடியாது. பவர் பத்தில் ஒரு பங்கானா, குறையறது 10 டெசிபல்தான். நம்ம காதுக்கு அது ஏறக்குறைய பாதிச் சத்தம். வீட்டுக்குள்ள அதுவும் அதிகம்.

அடுத்து எல்லாருக்கும் தோணற யோசனை: "ஸ்பீக்கர் ஒயரைக் கழட்டிட்டு, அதே ஜாக்கிலிருந்து மிக்சருக்கு கேபிள் போட்டுடலாமே?" நானும் ஒரு ராத்திரி கேபிளைக் கையில் எடுத்துட்டேன். நல்லவேளை, சொருகறதுக்கு முன்னாடி கொஞ்சம் படிச்சேன். தயவுசெஞ்சு இதைப் பண்ணாதீங்க. ரெண்டு பக்கமும் அடி வாங்கும்.

முதல்ல மிக்சர் பக்கம். 50 வாட் ஆம்ப் 8 ஓம் ஸ்பீக்கருக்கு முழுசா கொடுக்கும்போது, அந்த ஒயரில் 20 வோல்ட் இருக்கும். மிக்சரின் லைன் இன்புட் எதிர்பார்க்கறது சுமார் 1.2 வோல்ட். மைக் இன்புட்டுக்கு அதுகூட ரொம்ப அதிகம்.

ஆம்ப் பக்கம் இன்னும் மோசம். மிக்சரின் இன்புட் பல ஆயிரம் ஓம். ஆம்பைப் பொறுத்தவரை அது எதுவுமே மாட்டாத மாதிரிதான். டியூப் ஆம்புக்குள்ள ஒரு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு. டியூப்கள் வேலை செய்யறது பல நூறு வோல்ட்டில், குறைவான கரண்ட்டில். அதை ஸ்பீக்கருக்கு ஏத்த மாதிரி மாத்திக் கொடுக்கறதுதான் இதன் வேலை. வெளியே சுமை இல்லாம டியூப்பில் கரண்ட் சட்டுனு மாறினா, டிரான்ஸ்ஃபார்மரில் தேங்கின சக்திக்குப் போக இடம் இருக்காது. வோல்ட்டேஜ் எகிறும். உங்க பைக்கின் இக்னிஷன் காயில் 12 வோல்ட் பேட்டரியை வச்சு ஸ்பார்க் வர வைக்கறது இதே தத்துவத்தில்தான். அங்க ஸ்பார்க் பிளக்கில் வரவேண்டிய பொறி, இங்க டியூப் சாக்கெட்டிலோ டிரான்ஸ்ஃபார்மர் சுருளுக்குள்ளயோ வரும். டிரான்ஸ்ஃபார்மர் போச்சுன்னா செலவு பெரிசு. டிரான்சிஸ்டர் ஆம்புகள் பெரும்பாலும் ஸ்பீக்கர் இல்லாம இருந்தாலும் தாங்கும். அந்தப் பழக்கத்தில் இங்க கை வைக்காதீங்க.

ஆக, ஸ்பீக்கர் சத்தம் போடற பொருள் மட்டும் இல்லை. அது ஆம்பின் சுமை, கூடவே ஒரு ஃபில்டர். அதை எடுத்தா, ரெண்டு வேலைக்கும் வேற ஆள் வைக்கணும்.

முதல் ஆள், லோட் பாக்ஸ். ஸ்பீக்கருக்குப் போகவேண்டிய பவரை வாங்கி வெப்பமா மாத்தும். அதிலிருந்து சின்ன சிக்னலை லைன் அவுட்டில் கொடுக்கும். வெறும் ரெசிஸ்டர் வச்சதும் உண்டு, ரியாக்டிவ் வகையும் உண்டு. நிஜ ஸ்பீக்கர் எல்லா அலைவரிசையிலும் 8 ஓம் கிடையாது. அதிர்வுப் புள்ளியில் பல மடங்கு ஏறும், மேல் அலைவரிசைகளில் மறுபடி ஏறும். ரியாக்டிவ் பாக்ஸ் அதைப் போலவே நடந்துக்கும்; அதனால் வாசிக்கும்போது விரலுக்குக் கிடைக்கற உணர்வு மாறாது.

ரெண்டாவது ஆள், கேபினெட் சிமுலேஷன். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமா அடங்கிடும். அது இல்லாம லைன் அவுட்டை நேரா கேட்டா, தேனீக்கூட்டைக் கலைச்ச மாதிரி இரைச்சல்தான். இதுக்கு இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் ஃபைல் போதும். கோடு எழுதறவங்களுக்கு ஒரே வரியில்: ஒரு ஸ்பீக்கர், மைக் ரெண்டின் குணத்தையும் அளந்து வச்ச ஃபில்டர், அதோட கன்வல்யூஷன். பாக்ஸிலேயே இருக்கலாம், லேப்டாப்பிலும் ஓட்டலாம்.

இந்தத் தேடலில் நமக்கு ஒரு முன்னோடி உண்டு. பாஸ்டன் இசைக்குழுவின் டாம் ஷோல்ஸ், போலராய்டில் என்ஜினியர். வீட்டு பேஸ்மென்ட்டில் ரெக்கார்டிங் பண்ணவர். 1980-இல் அவர் தொடங்கின நிறுவனம் 'பவர் சோக்'னு ஒரு கருவியை விற்றது. ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்து பவரைக் குடிக்கற பெட்டி.

இப்போ மாட்டற வரிசை. ஆம்பை ஆஃப் பண்ணிட்டுத் தொடங்குங்க. ஆம்பின் ஓம் அளவும் லோட் பாக்ஸின் ஓம் அளவும் ஒண்ணா இருக்கணும். பாக்ஸின் வாட் அளவு ஆம்பைவிட நல்லா கூட இருக்கட்டும். டிஸ்டார்ஷனில் 50 வாட் ஆம்ப் அதுக்கு மேலயும் தள்ளும். ஆம்பிலிருந்து பாக்ஸுக்கு ஸ்பீக்கர் கேபிள்தான், கிட்டார் கேபிள் கூடாது. பாக்ஸிலிருந்து மிக்சரின் லைன் இன்புட்டுக்கு. மைக் இன்புட் மட்டும்தான் இருக்குன்னா, 48 வோல்ட் ஃபாண்டம் பவரை ஆஃப் பண்ணிட்டு கெயினைக் குறைச்சு ஆரம்பிங்க. ஹம் வந்தா பாக்ஸில் இருக்கற கிரவுண்ட் லிஃப்ட்டைப் போட்டுப் பாருங்க. சுவர் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் என்னைக்கும் கழட்டாதீங்க.

கடைசியா ஒண்ணு. சத்தம் வரலைங்கறதால ஆம்ப் சும்மா இருக்குன்னு நினைச்சுடாதீங்க. டியூப்கள் முழு வேகத்தில் தேயும், பாக்ஸ் சுடும். நம்ம ஊர் மே மாச வெக்கையில் அதுக்குக் காத்து விடுங்க, மேல துணி போட்டு மூடாதீங்க. ஹெட்போனை மாட்டுங்க, வாசிங்க. தாத்தா தூங்கட்டும். அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.