சிறு விமானத்தில் ஏறுவதும் இறங்குவதும்

பெரிய விமானத்தில் பயணம் செய்கிறவர்களுக்கு ஏறுவதும் இறங்குவதும் ஒரு சிக்கலே அன்று. அகன்ற படிக்கட்டு வந்து நிற்கும். நிமிர்ந்தபடியே உள்ளே போகலாம். ஆனால் இரண்டு பேரோ நான்கு பேரோ அமரக்கூடிய, ஒற்றை எஞ்சின் கொண்ட சிறு விமானத்தில் ஏறுகிறவரைப் பாருங்கள். ஒரு காலை உள்ளங்கை அகலமே உள்ள ஒரு படியில் வைக்கிறார். கையால் எதையாவது பற்றிக்கொள்கிறார். தலையைக் குனிந்து, இடுப்பைத் திருப்பி, மறு காலை மடக்கி உள்ளே இழுத்துக்கொள்கிறார். இளைஞருக்கு இது விளையாட்டு. மூட்டுவலி உள்ள முதியவருக்கும், கால் செயலிழந்தவருக்கும் இதுவே பறப்பதற்குத் தடையாகி விடுகிறது.

உலகெங்கும் பறக்கும் பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172 என்ற விமானத்தை எடுத்துக்கொள்வோம். 1956 முதல் விற்பனைக்கு வந்த விமானம் இது. ஆளும் எரிபொருளும் இல்லாதபோது இதன் எடை ஏறத்தாழ 750 கிலோகிராம். ஒரு சிறு காரின் எடைதான். காருக்கு நான்கு கதவுகள் இருக்க, நான்கு பேர் அமரும் இவ்விமானத்திற்கு இரண்டே கதவுகள். நான்கு பேர் அமரும் பைப்பர் செரோக்கி விமானத்திலோ, எல்லாருக்கும் சேர்த்து வலப்பக்கம் ஒரே ஒரு கதவு! வடிவமைத்தவர்கள் கஞ்சத்தனம் செய்தார்களா? இல்லை. இயற்பியல் அவர்கள் கையைக் கட்டிப்போட்டது.

கதவு ஏன் சிறியது?

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். காலண்டர் சுருட்டி வரும் அட்டைக் குழாய் ஒன்றை எடுத்து, இரு முனைகளையும் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். குழாய் எளிதில் அசைந்து கொடுக்காது. இனி அதை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நீளவாக்கில் வெட்டிவிட்டு மீண்டும் முறுக்குங்கள். குழாய் துவண்டுவிடும். அட்டையின் கனமும் குறையவில்லை, எடையும் குறையவில்லை. வலிமை மட்டும் எங்கே போயிற்று? மூடிய குழாயை முறுக்கும்போது விசை அதன் சுவரைச் சுற்றி ஓடி வட்டத்தை முடித்துக்கொள்கிறது. வெட்டிய இடத்தில் அந்தப் பாதை அறுந்துவிடுகிறது.

விமானத்தின் உடலும் இத்தகைய குழாய்தான். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனமுள்ள அலுமினியத் தகடே அதன் சுமையில் பெரும்பங்கைத் தாங்குகிறது. வாலில் உள்ள சுக்கான் அசையும்போதெல்லாம் அந்தக் குழாய் முறுக்கப்படுகிறது. கதவு என்பது அதில் வெட்டிய ஓட்டை. ஓட்டையைச் சுற்றித் தடித்த சட்டம் பொருத்தி இழந்த வலிமையை ஈடு செய்யலாம். ஆனால் சட்டத்திற்கும் எடை உண்டு. கூடிய எடைக்கு ஈடாக எரிபொருளையோ சாமானையோ குறைத்தாக வேண்டும். ஆகவே கதவுகளின் எண்ணிக்கையும் அளவும் சுருங்குகின்றன.

உயரம் எதனால்?

இதற்குக் காரணம் மூக்கில் சுழலும் புரொப்பெல்லர். செஸ்னா 172இல் அதன் விட்டம் ஏறத்தாழ 190 செ.மீ.; அதாவது ஆரம் 95 செ.மீ. அதன் நுனி தரையில் பட்டுவிடக் கூடாது. மூக்குச் சக்கரம் உள்ள விமானங்களுக்குக் குறைந்தது 18 செ.மீ. இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்க விதிகளில் நெடுங்காலம் இருந்துவந்த அளவு. கூட்டிப் பாருங்கள்: எஞ்சினின் அச்சு குறைந்தது 113 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். எஞ்சின் உயர்ந்தால் அதற்குப் பின்னுள்ள அறையும் உயர்கிறது.

முழங்காலின் கணக்கு

60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் 50 செ.மீ. ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் செய்யும் வேலை 60 × 9.8 × 0.5 = 294 ஜூல். 25 செ.மீ. உயரமுள்ள இரண்டு படிகளாக ஏறினாலும் அதே 294 ஜூல்தான். பின் ஏன் இரண்டு படி எளிதாக இருக்கிறது?

விடை முழங்காலின் திருப்புத்திறனில் உள்ளது. உயரமான படியில் கால் வைக்கும்போது முழங்கால் நன்றாக மடங்குகிறது. அப்போது உடல் எடை செயல்படும் கோடு முழங்காலிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருப்பதாகக் கொள்வோம். முழங்காலை நிமிர்த்தும் தொடைத் தசையோ மூட்டின் மையத்திலிருந்து ஏறத்தாழ 4 செ.மீ. தூரத்திலேயே இழுக்கிறது. நெம்புகோல் விதிப்படி அது உடல் எடையைப் போல் 30/4, அதாவது ஏழரை மடங்கு விசை தர வேண்டும். தாழ்ந்த படியில் அத்தூரம் 12 செ.மீ. ஆகக் குறைந்தால் மூன்று மடங்கு விசையே போதும். வேலை மாறவில்லை, வலி மாறுகிறது!

எனவே ஏறுவதை எளிதாக்க முதல் வழி, இடையில் ஒரு படி சேர்ப்பது. இரண்டாவது, சரியான இடத்தில் ஒரு கைப்பிடி. கை இழுக்கும்போது உடல் முன்னே சாய்ந்து எடையின் கோடு முழங்காலை நெருங்குகிறது. சுமையில் ஒரு பங்கையும் கை ஏற்கிறது.

கால் வைக்கும் இடம்

செரோக்கி போன்ற விமானங்களில் இறக்கை உடலின் கீழ்ப்புறம் உள்ளது. அதன்மீது நடந்துதான் கதவை அடைய வேண்டும். வழுக்காமலிருக்க இறக்கையின் அடிப்பகுதியில் சொரசொரப்பான கறுப்புப் பட்டை ஒட்டியிருப்பார்கள். அந்தப் பட்டையை விட்டு விலகி மிதித்தால் மெல்லிய தகடு நசுங்கிவிடும்.

படியை எங்கு வேண்டுமானாலும் வைக்கவும் முடியாது. மூக்குச் சக்கரம் உள்ள விமானத்தின் ஈர்ப்பு மையம், பெரிய சக்கரங்களுக்குச் சற்று முன்னால் இருக்கும். 750 கிலோகிராம் விமானத்தின் ஈர்ப்பு மையம் சக்கரங்களுக்கு 0.3 மீட்டர் முன்னால் உள்ளதாகக் கொள்வோம். ஆளுக்கு 75 கிலோகிராம் உள்ள இருவர் சக்கரங்களுக்கு 1.5 மீட்டர் பின்னால் ஏறி நின்றால் இரு பக்கமும் சமமாகிவிடும்: 750 × 0.3 = 150 × 1.5. இன்னும் சிறிது சுமை பின்னால் ஏறினால் மூக்கு மேலே எழும்பி, வால் தரையில் இடிக்கும். பின்புறம் பெரிய கதவு உள்ள செஸ்னா காரவன் போன்ற விமானங்களில் சுமை ஏற்றும்போது வாலுக்கு முட்டுக் கொடுப்பது இதற்காகவே.

இறங்குவதே உயிர்

ஏறுவது கடினம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆபத்தில் இறங்குவது கடினம் என்றால்?

டக்ளஸ் பேடர் என்ற பிரிட்டிஷ் விமானி 1931இல் நடந்த விபத்தில் இரு கால்களையும் இழந்தவர். செயற்கைக் கால்களுடன் மீண்டும் விமானப்படையில் சேர்ந்து போர் விமானம் ஓட்டினார். 1941 ஆகஸ்ட் 9ஆம் நாள் பிரான்சின் வானில் அவருடைய ஸ்பிட்ஃபயர் விமானம் சிதைந்தது. வெளியேற முயன்றபோது ஒரு செயற்கைக் கால் உள்ளே சிக்கிக்கொண்டது. அதன் வார் அறுந்ததால்தான் அவர் விடுபட்டுப் பாராசூட்டில் இறங்கினார்.

இன்றைய சிறு விமானங்களிலும் இந்தக் கவலை உண்டு. ஒரே கதவு உள்ள செரோக்கியில் விமானி இடப்பக்கம் அமர்கிறார். கதவருகே இருப்பவர் மயங்கிவிட்டால் அவரைத் தாண்டித்தான் விமானி வெளியேற வேண்டும். செஸ்னா 172இல் எஞ்சின் நின்று வயலில் இறங்க நேர்ந்தால், தரையைத் தொடுவதற்கு முன்பே கதவின் தாழை விடுவித்து வைக்கும்படி விமானிக்குக் கற்பிக்கிறார்கள். அதிர்ச்சியில் உடல் நெளிந்தால் மூடிய கதவு இறுகிக்கொள்ளும் அல்லவா?

கண்ட வழிகள்

1968 முதல் 1978 வரை தயாரான செஸ்னா கார்டினல் விமானத்தில் இறக்கையைத் தாங்கும் சாய்வுத் தண்டை நீக்கினார்கள், உடலைத் தாழ்த்தினார்கள், அகன்ற கதவுகள் செங்கோணம் வரை திறக்கும்படி செய்தார்கள். கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து உருவாக்கும் முறை வந்தபின், வலிமை தேவைப்படும் இடத்தில் மட்டும் அடுக்குகளைக் கூட்டுவது எளிதாயிற்று. 1998இல் சான்று பெற்ற சிரஸ் எஸ்.ஆர்.20 விமானத்தில் இரு பக்கமும் பெரிய கதவுகள் உண்டு. கதவு திறக்காவிட்டால் கண்ணாடியை உடைக்கச் சுத்தியலும் உண்டு. டயமண்ட் டி.ஏ.40 விமானத்தில் முன்னிருப்பவர்களுக்கு மேல்மூடி திறக்கிறது. பின்னிருப்பவர்களுக்குத் தனிக் கதவு.

சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் இன்று விமானம் ஓட்டுகிறார்கள். கால் மிதிகளின் வேலையைச் செய்யக் கைநெம்புகோல் பொருத்தப்படுகிறது. தாழ்ந்த இறக்கை விமானமானால் இறக்கையின் பின்விளிம்பில் அமர்ந்து, கைகளை ஊன்றிச் சிறிது சிறிதாகப் பின்னோக்கி நகர்ந்து கதவை அடைகிறார்கள். உயர்ந்த இறக்கை விமானமானால் நாற்காலிக்கும் இருக்கைக்கும் இடையே வழுவழுப்பான பலகை வைத்துச் சறுக்கி மாறுகிறார்கள். நீங்கள் பள்ளியில் படித்த சாய்தளம்தான் இது, 50 செ.மீ. உயரத்தைப் பல சிறு முயற்சிகளாகப் பிரித்துக் கொடுக்கிறது.

சிறு விமானத்தில் ஏறும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், புரொப்பெல்லர் முழுதும் நின்ற பிறகு, பின்புறமாகவே அணுகுங்கள். சுழலும் விசிறி கண்ணுக்குத் தெரியாது. காட்டிய இடத்தில் மட்டும் கால் வையுங்கள். அமர்ந்தவுடன், கதவைத் திறக்கும் கைப்பிடி எது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கேட்டு, கையால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.