கட்டளை போய்ச் சேர்ந்ததா?

மயக்கத்தில் இருக்கும் நோயாளியின் கால் சத்திரசிகிச்சை மேசையில் திடீரெனத் துடிப்பது ஏன், அவர் விழித்துவிட்டாரா என்ற கேள்வி பார்வையாளர்களிடமிருந்து ஓயாமல் வருவதால், இக்காணொளி அதற்கு விடை தருகிறது. அவர் விழிக்கவில்லை, மூளையிலிருந்து புறப்படும் கட்டளை முண்ணாண் வழியே இறங்கித் தசையை அடைகிறதா என்று அறிவதற்காக வைத்தியக் குழுவே அந்தத் துடிப்பை எழுப்புகிறது. உச்சந்தலையில் மின்துடிப்புக் கொடுத்து, அதனால் தசையில் எழும் சிறு மின்னழுத்தத்தை அளக்கும் இம்முறைக்கு இயக்கத் தூண்டல் மின்னழுத்தக் கண்காணிப்பு என்று பெயர்.

இதில் முதன்மையாக மனங்கொள்ள வேண்டியது ஒன்று: உணர்ச்சி மேலே வந்து சேர்வது, கட்டளை கீழே போய்ச் சேர்ந்ததற்குச் சான்றாகாது. தொடுகையையும் அதிர்வையும் மூளைக்கு ஏற்றிச் செல்லும் நரம்புக் கற்றை முண்ணாணின் பின்புறத்தில் உள்ளது. இயக்கக் கட்டளையை இறக்கிவரும் பாதைக்கோ பெரும்பாலும் முன்புற முண்ணாண் நாடியே குருதி ஊட்டுகிறது. ஆகவே அந்த நாடியின் ஓட்டம் தடைப்பட்டால், உணர்ச்சிப் பாதையின் அலை திரையில் மாறாமல் ஓடிக்கொண்டிருக்க, கால் செயலிழந்துபோகலாம். உணர்ச்சிப் பாதையை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் நலம் என்று ஆறுதலடைவது இதனாலேயே தவறாகும்.

தவில் மேதை தெட்சணாமூர்த்தியைத் தந்த யாழ்ப்பாணத்து இணுவிலில் இதனை விளக்குவது எளிது. தவில்காரரின் வலக்கை விரல்களில் கூடுகள் இறுகியிருக்கின்றன. அந்த இறுக்கத்தை விரல் முழுமையாக உணர்ந்தாலும், மடங்கி நிமிரும் கட்டளை விரலுக்கு வராவிட்டால் தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் ஒலி பிறக்காது. இடக்கை பற்றியிருக்கும் குச்சிக்கும் இதுவே பொருந்தும். உணர்ச்சி இருக்கிறது, கட்டளை இல்லை என்ற நிலை, விரலால் வாழும் ஒருவருக்கு எத்தகைய இழப்பு என்பதைக் கோயில் வீதியில் தவிற்சமா கேட்டு வளர்ந்தவர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

கட்டளை போய்ச் சேர்கிறதா என்று அறிய, முன்னர், 1973 இல் பிரான்சில் விவரிக்கப்பட்ட முறைப்படி, சத்திரசிகிச்சையின் நடுவே நோயாளியை அரைமயக்கத்துக்குக் கொண்டுவந்து காலை அசைக்கச் சொல்வர். மேர்ட்டன், மோர்ட்டன் என்னும் இருவர் 1980 இல், மண்டையோட்டைத் திறக்காமலே மின்னால் மூளையின் இயக்கப் பகுதியைத் தூண்டிக் காட்டினர். எனினும், மயக்கத்தில் ஒற்றைத் துடிப்பு பெரும்பாலும் தசைவரை எட்டுவதில்லை. 1990களில் வந்த தொடர்துடிப்பு முறையே அக்குறையைத் தீர்த்தது. சில மில்லிசெக்கன் இடைவெளியில் ஐந்தாறு துடிப்புகள் அடுத்தடுத்து வரும்போது, முண்ணாணிலுள்ள இயக்க நரம்புக் கலம் அவற்றைக் கூட்டிக்கொண்டு விழிக்கிறது. பெருவிரலின் அடித்தசையில் செருகிய ஊசி மின்வாய் ஏறத்தாழ 20 மில்லிசெக்கனில் அலையைப் பதிய, பாதத்தின் தசையில் அது சற்றுப் பிந்தி எழுகிறது.

இவற்றையெல்லாம் நோயாளிக்குத் தமிழில் சொல்வதைப் பற்றியும் இங்கே குறிப்பிட வேண்டும். 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, இணுவிலுக்கு அயலிலுள்ள மானிப்பாயில் பணிபுரிந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். 1898 இல் இணுவிலிலேயே மக்லியோட் வைத்தியசாலை தோன்றியது. இத்தகைய மரபுடைய மண்ணில், சம்மதப் படிவத்தில் ஒப்பமிடும் ஒருவர் தம் முண்ணாணுக்கு என்ன காவல் இருக்கிறது என்பதைத் தமிழில் கேட்டு விளங்கிக்கொள்வது சலுகையன்று, உரிமை. கண்காணிப்பு உண்டு என்ற ஒரு சொல் போதாது. அது ஏறும் பாதைக்கா, இறங்கும் பாதைக்கா என்பதும் சொல்லப்பட வேண்டும், ஏனெனில் முன்னதன் நலம் பின்னதன் நலத்துக்குச் சான்றாகாது.

நேரம் குறுகிவிட்டதால் பயனுள்ளவை சுருக்கமாக: வலிப்பு, இதயமுடுக்கி, மண்டையோட்டில் உலோகம் ஆகியவை இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தூண்டும்போது தாடையும் இறுகுவதால் நாக்கு கடிபடாதிருக்கப் பற்களிடையே மென்துணிச் சுருள் வைப்பர். ஆடும் பல் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். தசைதளர்த்தி மருந்து அலையை அழித்துவிடும், ஆவி மயக்கமருந்தும் அதனை மங்கச் செய்யும் என்பதால், பெரும்பாலும் நாளத்தின் வழியே புரோப்போபோல் செலுத்துவர். அலை திடீரென வீழ்ந்தால் சத்திரசிகிச்சையாளர் கையை நிறுத்துவார். குருதி அமுக்கம் உயர்த்தப்படும். மின்வாய்களும் மயக்கத்தின் ஆழமும் சரிபார்க்கப்படும். கடைசியாகச் செய்த இழுப்போ இட்ட திருகாணியோ தளர்த்தப்படும். இக்கண்காணிப்பு ஆபத்தை முற்றாக அகற்றாது. மீட்க இன்னும் நேரம் இருக்கும்போதே எச்சரிக்கும். ஆதலால் முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சைக்குச் செல்வோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: என் உணர்ச்சி வந்து சேர்வதை மட்டுமா பார்ப்பீர்கள், என் கட்டளை போய்ச் சேர்வதையும் பார்ப்பீர்களா?