கல்லுக்குள் எவ்வளவு ஈரம்?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை வாங்கும்போது என் கண் முதலில் ஈரத்தின் மேல்தான் போகும். தண்ணீர் தெளித்த கால் கிலோவில் பூ எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று மனசு கணக்குப் போடும். கல்லூரியில் முப்பது வருடம் வேதியியல் செய்முறை வகுப்பு எடுத்த பழக்கதோஷம். போன மாதம் அதைக் கிண்டல் செய்த பூக்காரத் தம்பிக்கு, அவர் கடையில் திருஷ்டிக்குத் தொங்கிய படிகாரத்தைக் காட்டினேன்.

"பூவை விடுங்க தம்பி. இந்தக் கல்லுல கிட்டத்தட்ட பாதி தண்ணி."

"எலும்பா காஞ்சு கெடக்கு, இதுல எங்க சார் தண்ணி?"

பூவின் மேல் இருப்பது ஒட்டிய தண்ணீர், உதறினால் போய்விடும். படிகாரத்தில் இருப்பது படிக நீர். சில உப்புகள் கரைசலிலிருந்து படிகமாகும்போது தண்ணீர் மூலக்கூறுகளையும் எண்ணிக்கை தவறாமல் தம்மோடு சேர்த்துக்கொள்கின்றன. மயில்துத்தத்தில் 5, எப்சம் உப்பில் 7, படிகாரத்தில் 12. தொட்டால் ஈரம் தெரியாது. சூடாக்கினால்தான் வெளியே வரும்.

ஆய்வகத்தில் இதை அளக்கத் தராசும் பர்னரும் போதும். மூடியோடு பீங்கான் குரூசிபிளைச் சூடாக்கி, ஆறவைத்து, வெறும் எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதில் 2.50 கிராம் மயில்துத்தம். மெதுவாகச் சூடேற்றினால் நீலம் வெளுத்துக்கொண்டே வரும். நான்கு தண்ணீர் சுமார் 110 டிகிரிக்குள் போய்விடும். ஐந்தாவது பிடிவாதக்காரன், 200-ஐத் தாண்டினால்தான் இறங்குவான். கடைசியில் சாம்பல் வெள்ளைப் பொடியாக 1.60 கிராம் மிஞ்சும். போனது 0.90. தண்ணீரின் மூலக்கூறு எடை 18, நீரற்ற உப்புக்கு 159.6. அந்தந்த எடையால் வகுத்தால் 0.05-க்கு 0.01, அதாவது ஐந்துக்கு ஒன்று.

ஒரு முறை ஒரு மாணவன் விடையாகக் கிட்டத்தட்ட 6 கொண்டுவந்தான். மூடியைத் திறந்துபோட்டுத் தீயைக் கூட்டியிருக்கிறான். உப்பு வெடித்துத் தெறித்து மேசையில் கிடந்தது. தெறித்த உப்பும் தண்ணீர்க் கணக்கில் சேர்ந்துவிட்டது. அவசரக்காரர்கள் செய்யும் இன்னொரு தப்பு, சூட்டோடு நிறுப்பது. மேலெழும் வெப்பக் காற்று தட்டைத் தூக்கி, எடையைக் குறைத்துக் காட்டும். ஆறட்டும் என்று வெளியில் வைத்தாலோ, ஐப்பசி மழைக்காலத்துக் காற்றிலிருந்து பொடி தண்ணீரைத் திரும்பக் குடித்துவிடும். அதனால்தான் ஈரம் புகாத டெசிக்கேட்டருக்குள் வைத்து ஆறவிடுகிறோம்.

மருந்து ஆலைகளில் இப்போது 1935-இல் கார்ல் ஃபிஷர் சொன்ன முறைப்படி, அயோடினை வைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரை அளக்கிறார்கள். எனக்கு இன்றும் பிடித்தது பழைய முறைதான்: சூடாக்கு, ஆறவை, நிறு, எடை மாறாமல் நிற்கும்வரை மறுபடியும்.

அன்று 100 கிராம் படிகாரம் வாங்கிவந்து மண்சட்டியில் போட்டேன். உருகி, கொதித்து, அப்பளம்போல் பொரிந்து உப்பியது. நாட்டு மருந்துக்குப் பொரிப்பதும் இப்படித்தான். சட்டியின் எடையைக் கழித்ததும் முதல் தடவை 58 கிராம். மறுபடி வறுத்தேன், 55. மூன்றாம் தடவையும் 55. அதற்குமேல் வறுக்கவில்லை.

டப்பாவில் அடைத்துக் கொண்டுபோய்த் தம்பியின் தராசில் வைத்தேன். 55-ஐப் பார்த்தவர், டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார்.

"அடுத்த தடவ மல்லியையும் வறுத்துட்டுத்தான் காசு குடுப்பீங்களா சார்?"