நான்கு புள்ளிகளில் ஒரு வளைவு

ஒரு தாளில் 'ழ' என்ற எழுத்தை எழுதிப் பாருங்கள். கை தானாக வளைந்து கொடுக்கிறது. கணிப்பொறிக்குக் கையும் இல்லை, கண்ணும் இல்லை. அதற்குத் தெரிந்தது எண்கள் மட்டுமே. பின் அது எப்படி 'ழ' வரைகிறது? சிறு சிறு நேர்கோடுகளை ஒட்டவைத்தால் போதாதா என்று கேட்கலாம். பார்வைக்குப் போதும், ஆனால் எழுத்தைப் பெரிதாக்கினால் மூலைகள் துருத்திக்கொண்டு நிற்கும்.

இதற்கு விடை பிரான்ஸ் நாட்டு மோட்டார் கார் தொழிற்சாலைகளில் பிறந்தது. காரின் வடிவத்தைக் கலைஞர் வரைவார். டிராஃப்ட்ஸ்மேன் அதை அளவுப்படி வரைவார். அதைப் பார்த்து இன்னொருவர் மாதிரி செதுக்குவார். ஒவ்வொரு கை மாறும்போதும் வடிவம் சற்றே மாறிவிடும். எது சரியான வடிவம் என்பதே தகராறாகிவிடும். 1959-இல் சிட்ரோயன் கம்பெனியைச் சேர்ந்த பால் தெ காஸ்தல்ஜோ வளைவை எண்களால் சொல்லும் வழியைக் கண்டார். கம்பெனி அதை ரகசியமாக வைத்துக்கொண்டது. 1960-களில் ரெனோ கம்பெனியின் எஞ்சினீயர் பியர் பெஸியே தனியாக அதே வளைவை வந்தடைந்து, வெளியிலும் எழுதினார். ஆகவே வளைவுக்கு அவர் பெயர் நிலைத்தது.

காஸ்தல்ஜோவின் முறைக்கு ஒரு கிராஃப் தாளும் ஸ்கேலும் போதும். தாளில் 'க' என்று ஒரு புள்ளி. அதற்கு நேர் மேலே 4 செ.மீ. உயரத்தில் 'ச'. 'க'வுக்கு வலப்புறம் 8 செ.மீ. தள்ளி 'த'. அதற்கு மேலே 4 செ.மீ. உயரத்தில் 'ட'. இப்போது கச, சட, டத என்ற மூன்று கோடுகளின் நடுப்புள்ளிகளைக் குறியுங்கள். அந்த மூன்றையும் வரிசையாக இணைத்தால் இரண்டு கோடுகள். அவற்றின் நடுப்புள்ளிகளை இணைத்தால் ஒரே கோடு. அதன் நடுப்புள்ளி வளைவின் மேல் இருக்கும். அளந்து பாருங்கள், தரையிலிருந்து சரியாக 3 செ.மீ. உயரம். பாதிக்குப் பதில் எல்லாக் கோடுகளிலும் கால் பங்கில் குறித்தால் வளைவின் வேறொரு புள்ளி கிடைக்கும். வளைவு 'க'வில் தொடங்கி 'த'வில் முடியும். 'ச'வையும் 'ட'வையும் தொடாது. அவை தூரத்திலிருந்து காந்தம்போல் இழுப்பவை. அவற்றை நகர்த்தினால் வளைவும் நகரும். அச்செழுத்துகள் இப்படித்தான் புள்ளிகளாகச் சேமிக்கப்படுகின்றன. எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு சிதையாததற்குக் காரணம் இதுவே.

ஒரே வளைவால் 'ழ' முழுவதையும் வரைய முடியாது. பல துண்டுகளை இணைக்க வேண்டும். சேரும் புள்ளியும் அதன் இருபுறத்துப் புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் மூலை தெரியாது. ஆனால் மூலை இல்லாவிட்டால் மட்டும் போதுமா? இது ரயில்வேக்காரர்களுக்குப் பழகிய கேள்வி. நேர்த் தண்டவாளத்தை 875 மீட்டர் ஆரமுள்ள வட்ட வளைவுடன் அப்படியே இணைத்தால் கண்ணுக்கு மூலை தெரியாது. ஆனால் வளைவின் அளவு பூஜ்யத்திலிருந்து ஒரே நொடியில் தாவுவதால் வண்டி குலுங்கும். அதனால்தான் இடையில் டிரான்சிஷன் கர்வ் போடுகிறோம். அதில் வளைவும், வெளிப்புறத் தண்டவாளத்தின் உயர்த்தலும் படிப்படியாக ஏறும். இந்திய ரயில்வேயில் இதற்குக் கியூபிக் பாரபோலா என்ற வளைவைக் கையாள்கிறார்கள்.

அதுவும் பெஸியே வளைவுகளில் ஒன்றுதான். மூன்று புள்ளிகளை நேர்ப்பாதையின் கோட்டில் சம தூரத்தில் வையுங்கள். நான்காவதை அதே தூரத்தில், ஆனால் சற்று விலக்கி வையுங்கள். கிடைப்பது அந்த வளைவேதான்.

நான்குக்கு நான்காக 16 புள்ளிகளை விரித்தால் கோட்டுக்குப் பதில் ஒரு பரப்பு கிடைக்கும். 1975-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் தம் வீட்டு டீ கெட்டிலை இத்தகைய பரப்புத் துண்டுகளால் அமைத்தார். அது கணிப்பொறிப் படக் கலையில் புகழ்பெற்ற உருவம் ஆகிவிட்டது. பரப்பிலும் அதே விதிதான். இணைப்பில் வளைவு தாவினால், பளபளக்கும் கார்மீது விழும் விளக்கொளியின் பிம்பம் அந்த இடத்தில் ஒடிந்து தெரியும். கை தடவிக் கண்டுபிடிக்க முடியாத குறையை வெளிச்சம் காட்டிக் கொடுத்துவிடும்.

வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருந்தால் மேலே சொன்ன கிராஃப் தாள் பயிற்சியைச் செய்யச் சொல்லுங்கள். பத்துப் புள்ளிகள் குறித்தால் போதும், வளைவு அவர்கள் கண்முன்னே எழுந்து நிற்கும்.