அரையாண்டு லீவு... அம்மாவுக்கும் லீவு!



டிசம்பர் கடைசி வாரம் வந்தால் பிள்ளைகளுக்கு அரையாண்டுப் பரீட்சை முடிகிறது, நமக்கு ஆரம்பமாகிறது! "அம்மா, போரடிக்குது", "அம்மா, பசிக்குது", "அம்மா, இவன் என்னை அடிக்கிறாம்மா" என்று காலையிலிருந்து ராத்திரி வரை இந்த மூன்று பாட்டுதான். சமாளிக்க முடியாமல் செல்போனைக் கையில் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் நிம்மதியாகச் சமைக்கிறோம். அப்புறம் அதைத் திரும்ப வாங்க ஒரு மணி நேரம் மல்லுக்கு நிற்கிறோம்.

லீவில் பிள்ளைகளை என்ன செய்ய வைக்கலாம் என்று யோசனை சொல்பவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த யோசனைகளைப் படித்துப் பாருங்கள். காகிதம் வெட்டித் தருவது அம்மா, பசை காய்ச்சித் தருவது அம்மா, கடைசியில் குப்பையைக் கூட்டி அள்ளுவதும் அம்மா! பிள்ளைகளுக்குக் குதூகலம், நமக்கு இடுப்பு வலி என்றால் அது எப்படிக் குடும்பத்துக்கே விடுமுறை ஆகும்?

அதனால் நான் சொல்லப் போகிறவற்றுக்கெல்லாம் ஒரே ஒரு நிபந்தனை. பிள்ளைகளே எடுத்து, பிள்ளைகளே செய்து, பிள்ளைகளே பழையபடி எடுத்து வைக்க வேண்டும். வீட்டிலுள்ள அப்பா, தாத்தா, பாட்டி, சித்தப்பா எல்லோரும் அதில் கலந்துகொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் இந்தப் பத்து நாள், ஒன்றரை மாதக் கோடை விடுமுறையைவிட இனிக்கும். அக்னி நட்சத்திர வெயில் கிடையாது. மழையும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். பகல் முழுக்க வெளியில் திரிந்தாலும் தலை வலிக்காத காலம் நமக்கு இந்த மார்கழியும் தையும்தானே!

முதல் வேலை: ஒரு காலண்டர் தாள்

பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் லீவு நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு விளையாட்டு, ஒரு வீட்டு வேலை. இரண்டையும் அவர்களே எழுதட்டும். தண்ணீர் பாட்டில் நிரப்புவது, காய்ந்த துணி மடிப்பது, கறிவேப்பிலை உருவுவது என்று வயசுக்கேற்ற வேலை. இந்தப் பருவத்தில் மொச்சை நிறைய வரும். ஒரு கிலோ வாங்கி, யார் அதிகம் உரிக்கிறார்கள் என்று போட்டி வைத்தால், நாம் அரை நாள் உட்கார்ந்து செய்கிற வேலையை இருபது நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள்.

இதில் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று பிரிக்க வேண்டாம். அவளுக்குத் துடைப்பம், அவனுக்கு மட்டைப்பந்து என்று நாமே பிரித்துக் கொடுத்துவிட்டு, நாளைக்கு "என் வீட்டுக்காரர் ஒரு டம்ளரைக்கூட நகர்த்த மாட்டார்" என்று நம் மருமகள் அலுத்துக்கொண்டால் அவளை நொந்து என்ன பயன்?

அந்தத் தாளில் நம் கையால் நாமே ஒரு வரி எழுதிவிட வேண்டும்: "மதியம் 2 மணி முதல் 3 மணி வரை அம்மா நேரம்." அந்த ஒரு மணி நேரம் நீங்கள் தூங்கலாம், பத்திரிகை படிக்கலாம், சும்மா விட்டத்தைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். ரத்தக் காயம் தவிர வேறெதற்கும் கூப்பிடக் கூடாது! முதல் இரண்டு நாள் கதவைத் தட்டத்தான் தட்டுவார்கள். அசைந்து கொடுக்காதீர்கள், பழகிவிடும்.

வாசலிலே...

மார்கழி என்றால் கோலம். மகள் மட்டும்தான் போட வேண்டும் என்று சட்டமில்லை. மகனுக்குக் கோலப்பொடியைக் கொடுத்து, கணக்குப் புதிர் என்று சொல்லுங்கள், உடனே குனிந்துவிடுவான். 1, 3, 5, 7, பிறகு 5, 3, 1 என்று புள்ளி வைத்தால் மொத்தம் எத்தனை? 25. நடுவில் 7 வைத்து, இரு பக்கமும் 6, 5, 4 என்று இடைப்புள்ளியாகக் குறைத்து வந்தால்? 37. கையை எடுக்காமல் ஒரே இழையில் எல்லாப் புள்ளியையும் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடிக்க முடிகிறதா என்று பார்க்கட்டும். பெரியவர்களையே திணறடிக்கிற விளையாட்டு அது.

ஒரு மூலையில் மட்டும் பச்சரிசி மாவால் சின்னக் கோலம் போடச் சொல்லுங்கள். கடையில் விற்கிற கோலப்பொடி பெரும்பாலும் கல்மாவு, எறும்பு சீண்டாது. அரிசி மாவுக் கோலத்துக்கு எறும்பு எத்தனை நிமிஷத்தில் வருகிறது, எந்த வழியாக வரிசை பிடிக்கிறது என்று பார்த்துக் குறித்து வைப்பதிலேயே வாண்டுகளுக்குக் காலைப் பொழுது போய்விடும்.

கூடத்திலே...

பரணில் கிடக்கும் பல்லாங்குழியை இறக்குங்கள். இல்லாவிட்டால் ஆடு புலி ஆட்டம் இருக்கவே இருக்கிறது. தரையில் சாக்பீஸால் முக்கோணக் கட்டம் வரைந்தால் போதும். 3 புளியங்கொட்டை புலி, 15 கூழாங்கல் ஆடு. ஆட்டைத் தாண்டி அடுத்த புள்ளி காலியாக இருந்தால் புலி குதித்து வெட்டும். ஆடுகள் சேர்ந்து நின்று புலியை நகரவிடாமல் செய்தால் ஆட்டுக்காரருக்கு ஜெயம். பலம் குறைந்தவர்கள் சேர்ந்து நின்றால் புலியும் அடங்கும் என்று நாம் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆட்டமே சொல்லிக் கொடுத்துவிடும். இதைத் தாத்தா பாட்டியிடம் ஒப்படைத்தால் மதிய நேரம் ஓடுவதே தெரியாது. அம்மா நேரத்துக்குத் தோதான விளையாட்டு இது!

இன்னொன்று, 'பேட்டி'. ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, பத்துக் கேள்வி தயார் செய்து வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். "பாட்டி, நீங்க ஸ்கூலுக்கு எதுல போனீங்க?", "அத்தை, 1982-இல் சத்துணவு ஆரம்பிச்சப்ப நீங்க என்ன கிளாஸ்?", "அப்பா, 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தன்னிக்கு நீங்க எங்கே இருந்தீங்க?" இப்படிக் கேட்க ஆரம்பித்தால் பேசாத பெரியவர்களும் பேசுவார்கள். அந்த நோட்டை மட்டும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பத்து வருஷம் கழித்து வீட்டில் அதைவிடப் பெரிய சொத்து இருக்காது.

அடுக்களையிலே...

ஒரு மாலை டிபன் முழுக்கப் பிள்ளைகள் பொறுப்பு. அடுப்பே வேண்டாம். மெல்லிய அவல் இரண்டு கப் எடுத்து, தண்ணீரில் அலசி உடனே பிழிந்து, பொடித்த வெல்லம் முக்கால் கப், தேங்காய்த் துருவல் அரை கப், ஒரு சிட்டிகை ஏலப்பொடி சேர்த்துப் பிசறினால் நாலு பேருக்கு வெல்ல அவல் தயார். தேங்காய் துருவுவது அப்பா. பரிமாறுவது சின்னவன். பாத்திரம் தேய்ப்பது பெரியவள். நீங்கள்? காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிடுவது!

முதல் நாளே ஒரு உடைந்த தட்டிலோ ஐஸ்கிரீம் டப்பாவிலோ அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, ஊற வைத்த வெந்தயத்தைத் தூவச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாளில் முளை எட்டிப் பார்க்கும். தினம் காலை ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதட்டும். பள்ளி திறப்பதற்குள் விரல் நீளத்துக்கு வளர்ந்துவிடும். அவர்கள் கையாலேயே கத்தரித்து தோசை மேல் தூவுங்கள். கீரை என்றாலே ஓடுகிற பிள்ளை, "இது நான் வளர்த்தது" என்று பெருமையாகச் சாப்பிடும்.

மொட்டை மாடியிலே...

பகலில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி, பதினொன்றரை மணியிலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். நிழல் குறைந்துகொண்டே வந்து மறுபடி நீளத் தொடங்கும். மிகக் குட்டையான நிழல் சரியாக 12 மணிக்கு விழாது, பன்னிரண்டே கால் வாக்கில்தான் விழும். நம் நாட்டுக் கடிகாரம் 82½ டிகிரி தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. தமிழ்நாடு அதற்கு மேற்கே இருப்பதால் நமக்கு உச்சி வேளை கொஞ்சம் தாமதம். அந்த நிழல் காட்டுவது நேர் வடக்கு. அதன் நீளம் 60 முதல் 75 சென்டிமீட்டருக்குள் இருக்கும். அளந்து எழுதி வைத்து, ஏப்ரலில் மறுபடி அதே குச்சியை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த மாதம் ஒரு நாள் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். அன்று உச்சியில் குச்சிக்கு நிழலே இருக்காது!

ராத்திரி எட்டு மணிக்குப் போர்வையும் பாயும் எடுத்துக்கொண்டு எல்லோரும் மாடிக்குப் போங்கள். கிழக்கே பார்த்து நின்றால், ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரம் பளிச்சென்று தெரியும். அதற்கு இடப்பக்கம் சிவப்பாக மினுங்குவதுதான் திருவாதிரை. நாம் களி கிண்டிப் படைக்கிறோமே, அதே திருவாதிரை! மார்கழிப் பௌர்ணமியை ஒட்டி நிலா அந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் வருவதைத்தான் ஆருத்ரா தரிசனமாகக் கொண்டாடுகிறோம். இன்னும் மேலே அண்ணாந்தால் கொத்தாகத் தெரிவது கார்த்திகை என்கிற ஆறுமீன். எத்தனை எண்ண முடிகிறது என்று பந்தயம் கட்டுங்கள். பனிக்குத் தலையில் ஒரு துண்டும், கொசுவுக்கு முழுக்கைச் சட்டையும் முக்கியம். டெங்கு பயம் இன்னும் போகவில்லை.

வெளியிலே... இது அப்பா நாள்!

ஒரு நாள் முழுக்க அப்பாவின் பொறுப்பு என்று காலண்டர் தாளில் எழுதுங்கள். செலவு அதிகமில்லாத இடம் சொல்கிறேன்: பறவைகள் சரணாலயம். சென்னைப் பக்கத்தவர்களுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தில் வேடந்தாங்கலும் கரிக்கிலியும், ஈரோட்டுக்காரர்களுக்கு வெள்ளோடு, திருநெல்வேலிக்காரர்களுக்குக் கூந்தன்குளம், திருவாரூர்ப் பக்கம் உதயமார்த்தாண்டபுரம். இந்த ஐந்தும் 2022-இல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றவை.

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் கூழைக்கடா, கரண்டிவாயன், நத்தைக்குத்தி நாரை என்று கூட்டம் கூட்டமாக வரும். இமயமலையையே தாண்டிப் பறந்து வருகிற வரித்தலை வாத்து கூந்தன்குளத்துக்கு வந்து போகிறது. வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது. கூந்தன்குளம், வெள்ளோடு ஊர்க்காரர்கள் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. இதைச் சொன்னால் எந்தக் குழந்தைக்கும் கண் விரியும்.

மாலை நாலு மணிக்கு மேல் போங்கள். இரை தேடப் போன பறவைகள் கூடு திரும்பும் நேரம் அது. கத்தக் கூடாது, கல் எறியக் கூடாது. மழை பொய்த்த வருஷம் பறவை குறைவாக இருக்கும்; கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். போக முடியாதவர்கள் ஊர்க் குளக்கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே மீன்கொத்தி, கொக்கு, நீர்க்காகம் என்று ஏழெட்டு வகையாவது எண்ணிவிடலாம்.

ஆனால் ஒன்று. மழைக்குப் பிறகு ஏரி, கிணறு, கல்குவாரி, தடுப்பணை எல்லாம் ததும்பி நிற்கும் காலம் இது. லீவில் கூட்டாளிகளோடு குளிக்கப் போய்த் திரும்பாத பிள்ளைகளைப் பற்றி வருஷா வருஷம் படிக்கிறோம். நீச்சல் தெரிந்த பெரியவர் கூட இல்லாமல் தண்ணீர்ப் பக்கம் அனுப்பவே அனுப்பாதீர்கள். பட்டம் விடலாம், மாஞ்சா நூல் மட்டும் வேண்டவே வேண்டாம். ரோட்டில் போகிறவர் கழுத்தை அறுத்துவிடும்.

கடைசியாக...

காலண்டர் தாளில் ஒரு கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். அன்றைக்குத் திட்டம் எதுவும் கிடையாது, போரடிக்கட்டும். போரடித்தால்தான் தலையணையைப் பஸ் ஆக்கவும் புடவையைக் கூடாரமாக்கவும் பிள்ளைகளுக்குத் தோன்றும்.

பரீட்சைத் தாள் எப்படியும் லீவு முடிந்துதான் கைக்கு வரும். அதற்குள் "எத்தனை மார்க் வரும்?" என்று தினமும் கேட்டு, அவர்கள் வாயில் வெல்ல அவல் கசக்கும்படி செய்ய வேண்டாமே! பத்து நாளில் பிள்ளைகள் ஒரு கோலம், ஒரு நட்சத்திரம், ஒரு பறவை, ஒரு வேலை கற்றுக்கொண்டால் போதும். அம்மாவுக்கும் அசதி உண்டு, அவளுக்கும் ஒரு மணி நேரம் சொந்தம் என்பதையும் கூடவே கற்றுக்கொண்டால், அது முழு ஆண்டுப் பரீட்சைக்குப் பிறகும் மறக்காத பாடம்.

இந்த அரையாண்டு லீவில் செய்து பாருங்களேன். முக்கியமாக அந்த மதியம் 2 மணி விஷயத்தை மறந்துவிடாதீர்கள், தோழியரே!

- ஒரு வாசகி, ஈரோடு.