முகப்பில் சுழன்ற நீலக்கல்

சென்ற மாதம் எங்களூர்த் தம்பி ஒருவர் எனது கடைக்கு வந்து தனது கையடக்கத் தொலைபேசியை என் முன்னால் நீட்டினார். பலசரக்கு மொத்த வியாபாரம் செய்து வந்தவர். இப்போது கறுவா, மிளகு, கராம்பு என்று சிறு பொதிகளில் அடைத்து வெளிநாடுகளுக்கு அனுப்பத் தொடங்கியிருக்கிறார். அதற்கென்று இணையத்தளம் ஒன்றும் செய்வித்திருக்கிறார். திரை முதலில் கறுப்பாக இருந்தது. பிறகு ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. கொஞ்ச நேரம் போன பின் கறுவாப்பட்டை ஒன்று மேலேயிருந்து விழுந்து, தூளாகச் சிதறி, அந்தத் தூளுக்குள்ளிருந்து கம்பனியின் பெயர் எழும்பி வந்தது.

"எப்பிடி மாமா, நல்லா ஈக்கா?" என்று கேட்டார்.

நல்லாத்தான் இருந்தது. ஆனால் எனக்கு 2005ஆம் ஆண்டில் நான் செய்த காரியம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அந்தக் கதையைத் தம்பிக்குச் சொன்னேன். நமது வியாபாரிகள் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கும் எழுதுகிறேன்.

நமது தொழில் மாணிக்கக்கல். பேருவளை சீனங்கோட்டையில் மர்ஹூம் வாப்பாவின் காலத்திலிருந்து செய்து வருகிறோம். பெங்கொக், ஹொங்கொங் கண்காட்சிகளுக்குப் போய் வருகிறவர்கள் எல்லோரும் அந்நாட்களில் விசிட்டிங் கார்டில் இணையத்தள முகவரி போடத் தொடங்கியிருந்தார்கள். நாமும் போடாவிட்டால் மரியாதையில்லை என்று நினைத்து, கொழும்பில் இருந்த ஒரு வடிவமைப்பாளரிடம் போனேன். எண்பத்தையாயிரம் ரூபா கேட்டார். அன்றைக்கு அது சிறிய காசல்ல. மூன்று வாரத்தில் செய்து முடித்து, தனது கணினியில் போட்டுக் காட்டினார். இருட்டிலிருந்து ஒரு நீலக்கல் சுழன்றபடி வரும். அதன் பட்டைகளில் வெளிச்சம் ஓடும். பின்னால் வீணை இசை. நாற்பது விநாடி கழித்து நமது கம்பனியின் பெயர் பொன்னெழுத்தில் விரியும். உள்ளே செல்ல இங்கே அழுத்தவும் என்று ஒரு பொத்தான் மின்னும். பார்த்தவுடன் காசைக் கொடுத்துவிட்டேன். வீட்டாரையும் மச்சான்மாரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

அது பிளாஷ் என்ற மென்பொருளில் செய்தது. இன்றைய இளைஞர்களுக்கு அந்தப் பெயரே தெரியாமல் இருக்கலாம் என்பதால் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆரம்ப கால இணைய உலாவிகள் எழுத்தையும் சாதாரணப் படத்தையும் மட்டுமே நன்றாகக் காட்டக் கூடியவை. அசையும் சித்திரம், ஒலி, வீடியோ என்றால் அதற்கென்று தனியாக ஒரு சிறு மென்பொருளை இறக்கி உலாவியில் பொருத்த வேண்டும். அதற்குத்தான் பிளக்-இன் என்று பெயர். பியூச்சர்வேவ் என்ற சிறிய அமெரிக்க நிறுவனம் 1996இல் வெளியிட்ட அசைவுச் சித்திர மென்பொருளை அதே ஆண்டின் இறுதியில் மைக்ரோமீடியா வாங்கி, பிளாஷ் என்று பெயர் மாற்றியது. 2005இல் மைக்ரோமீடியாவையே அடோபி நிறுவனம் வாங்கிக்கொண்டது.

இன்று எல்லோரும் பிளாஷைத் திட்டுகிறார்கள். அது நியாயமல்ல. அந்தக் காலத்தில் வேறு வழியில்லாத பல வேலைகளை அது செய்து தந்தது. புள்ளி புள்ளியாகச் சேமிக்காமல் கோடுகளையும் வளைவுகளையும் கணக்காகச் சேமித்ததால், கோட்டுச் சித்திரங்கள் சிறிய கோப்பில் அடங்கின. எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையவில்லை. ஓர் உலாவியில் ஒரு மாதிரியும் மற்றொன்றில் வேறு மாதிரியும் தெரியும் தொல்லை குறைவு. வீடியோ பார்க்க ரியல் பிளேயர், குயிக்டைம், விண்டோஸ் மீடியா பிளேயர் என்று ஆளுக்கொன்றாகத் தேடிய காலத்தில், 2005இல் வந்த யூடியூப் பிளாஷ் வழியாகத்தான் வீடியோ காட்டியது. அழுத்தினால் படம் ஓடியது. யூடியூப் அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம்மவர்கள் மறந்துவிட்ட இன்னொரு நன்மையும் உண்டு. தமிழ் எழுத்து! யூனிகோட் பரவலாகாத அந்த நாட்களில் பாமினி எழுத்துருவில் அடித்த பக்கத்தை, பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக்களும் குறியீடுகளும் கலந்த குப்பையாகத் தெரியும். பிளாஷில் எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே புதைத்து வைக்கலாம். எனவே எந்த நாட்டில் எந்தக் கணினியில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரிந்தது. அறபு எழுத்தணியைக் கூட அழகாகக் காட்ட முடிந்தது. இதற்காகவே பிளாஷை நாடியவர்களை நான் அறிவேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். நமது கல் சுழலும் கோப்பின் பருமன் 1.4 மெகாபைட். இன்றைக்கு அது ஒன்றுமேயில்லை. அன்றைக்கு நாம் பாவித்தது தொலைபேசிக் கம்பியில் இணைத்த 56 கிலோபிட் மொடெம். கணக்குப்படி விநாடிக்கு 7 கிலோபைட் வரவேண்டும். நமது லைனில் நான்கு வந்தால் அது நல்ல நாள். 1,400 கிலோபைட்டை நான்கால் பிரித்துப் பாருங்கள். 350 விநாடி. கிட்டத்தட்ட ஆறு நிமிடம்! வடிவமைப்பாளரின் கணினியில் கண் மூடித் திறப்பதற்குள் வந்தது எப்படி என்றால், கோப்பு அந்தக் கணினிக்குள்ளேயே இருந்தது. அவர் நம்மை ஏமாற்றவில்லை. நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கல்லை விளக்கு வெளிச்சத்தில் மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்று தம்பிமாருக்குச் சொல்லிக் கொடுக்கிற நான், இணையத்தளத்தை அப்படித்தான் வாங்கினேன்.

ஆறு நிமிடம் காத்திருந்து எந்த வாடிக்கையாளர் கல் பார்ப்பார்? கடையின் ஷட்டரை இழுத்து வைத்துக்கொண்டு, ஆறு நிமிடம் நில்லுங்கள், திறக்கிறோம் என்று சொல்வதற்குச் சமம் அது.

கூகுளில் நமது கம்பனியின் பெயரைத் தேடினால் ஒன்றும் வராது. காரணம், பெயர், முகவரி, கல் வகைகள் எல்லாம் அந்தச் சித்திரத்துக்குள் இருந்தன. தேடுபொறிக்கு வாசிக்க எழுத்து வேண்டும். நாம் கொடுத்தது ஒரு மூடிய பெட்டி. 2008இல் கூகுளும் அடோபியும் சேர்ந்து பிளாஷ் கோப்புக்குள் இருக்கும் எழுத்தை வாசிக்க வழி செய்தார்கள் என்றாலும், சாதாரணப் பக்கத்துக்கு இருந்த வசதி அதற்கு வரவில்லை. புஷ்பராகம் இருக்கும் பக்கத்தை மட்டும் ஒரு பார்ட்டிக்கு அனுப்புவோம் என்றால் அதுவும் முடியாது. உள்ளே எத்தனை பக்கம் இருந்தாலும் முகவரி ஒன்றுதான். பின்னுக்குப் போகும் பொத்தானை அழுத்தினால் முழுத்தளத்தையும் விட்டே வெளியேறிவிடும்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய அடி 2008இல் விழுந்தது. கடையை வேறு கட்டடத்துக்கு மாற்றினோம். தொலைபேசி இலக்கமும் மாறியது. இலக்கத்தை மாற்றித் தாருங்கள் என்று வடிவமைப்பாளருக்கு அழைத்தால் அவர் வளைகுடா நாடொன்றுக்கு வேலைக்குப் போய்விட்டார். வேறொரு பையனிடம் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு, "நானா, மூலக்கோப்பு எங்கே?" என்று கேட்டார். அன்றுதான் எனக்கு விஷயம் தெரிய வந்தது. பிளாஷில் இரண்டு கோப்புகள் உண்டு. வேலை செய்யும் கோப்பு ஒன்று, அதன் பின்னொட்டு எப்எல்ஏ. அதிலிருந்து இணையத்துக்கு ஏற்றும் கோப்பு மற்றொன்று, எஸ்டபிள்யூஎப். நம்மிடம் இருந்தது இரண்டாவது மட்டும். சுட்ட செங்கல்லைப் போன்றது அது. மறுபடி பிசைந்து வேறு அச்சில் வார்க்க இயலாது. மூலக்கோப்பு, போனவரின் பழைய கணினியில். அந்தக் கணினியையும் அவர் விற்றுவிட்டிருந்தார்.

புதிதாகச் செய்யக் காசு செலவழிக்க மனம் வரவில்லை. பார்ப்போம், பார்ப்போம் என்று பதினான்கு மாதம் பழைய இலக்கத்தோடு அந்தக் கல் சுழன்றுகொண்டே இருந்தது. 2009 கடைசியில் பெங்கொக் போனபோது, முன்னர் கண்காட்சியில் பழகிய ஒரு வாங்குநரைச் சந்தித்தேன். ஒரே நிறத்தில், ஒரே வெட்டில், ஆறு கெரட் அளவில் சூடேற்றப்படாத நீலக்கல் ஜோடி ஒன்று அவருக்கு அவசரமாகத் தேவைப்பட்டிருக்கிறது. நமது கார்ட் தொலைந்து போனதால் இணையத்தளத்தைத் திறந்து, அதில் இருந்த இலக்கத்துக்கு மூன்று நாள் அழைத்திருக்கிறார். யாரும் எடுக்கவில்லை. நாம் கடையை மூடிவிட்டோம் என்று நினைத்து வேறு இடத்தில் வாங்கிவிட்டார். அப்படியொரு ஜோடி அந்த நேரத்தில் நமது பெட்டியில் இருந்தது. அதன் பிறகு ஒன்றரை வருடம் கழித்து, கல்லைப் பிரித்துத் தனித்தனியாக விற்றேன். ஜோடியின் விலை தனிக்கல்லுக்குக் கிடைக்காது என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இடையில் ஒரு வேடிக்கை. முகப்பில் சுழன்ற அந்தக் கல் உண்மையான கல்லல்ல, கணினியில் வரைந்தது. ஆனால் ஐரோப்பாவிலிருந்து ஒருவர் அதே கல்லின் விலையைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார். அப்படியொரு நிறத்தில் கல் இந்தப் பூமியில் இல்லை என்று அவருக்கு எப்படி எழுதுவது?

இந்த மோகத்தில் விழுந்தது நம்மைப் போன்ற சிறியவர்கள் மட்டுமல்ல. லண்டனில் 1999 நவம்பரில் பூ டொட் கொம் என்ற ஆடை விற்பனைத் தளம் பெரிய ஆரவாரத்தோடு திறக்கப்பட்டது. மிஸ் பூ என்ற அசையும் பொம்மைப் பெண் வாடிக்கையாளரை வரவேற்பாள். அன்றைய மொடெம்களில் பக்கம் திறக்கவே பாடுபட்டது. 13 கோடி டொலருக்கு மேல் விழுங்கிவிட்டு 2000 மே மாதத்தில் மூடப்பட்டது. அகலக்கால் வைத்தது, கட்டுப்பாடில்லாத செலவு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் வாங்க வந்தவனைக் காக்க வைத்ததும் அதில் ஒன்று.

பிளாஷின் முடிவு கையடக்கத் தொலைபேசியால் வந்தது. 2007இல் வந்த ஐபோனில் பிளாஷ் வேலை செய்யவில்லை. பாதுகாப்புக் குறைபாடு, பற்றரியைத் தின்பது, தொடுதிரைக்குப் பொருந்தாமை என்று காரணங்களை அடுக்கி, 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜொப்ஸ் ஒரு பகிரங்கக் கடிதமே எழுதினார். அவருக்குத் தனது கடையைக் காக்கும் நோக்கமும் இருந்திருக்கும், வியாபாரிதானே. என்றாலும் சொன்னது பெரும்பாலும் சரி. 2011இல் அடோபியே கையடக்கத் தொலைபேசிகளுக்கான பிளாஷைக் கைவிட்டது. செருகுமென்பொருள் இல்லாமல் உலாவியே வீடியோவையும் அசைவையும் காட்டும் எச்டிஎம்எல் 5 வளர்ந்தது. யூடியூப் 2015இல் அதற்கு மாறியது. 2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு அடோபி ஆதரவை நிறுத்தி, 2021 ஜனவரி 12 முதல் பிளாஷ் ஓடாமல் தடுத்தும் விட்டது. மூன்றரை வருடத்துக்கு முன்பே அறிவித்துத்தான் செய்தார்கள். அப்படியிருந்தும் தென்னாபிரிக்காவின் வருமான வரித் திணைக்களம் தனது சில படிவங்கள் பிளாஷில் இருந்ததால், அவற்றைத் திறப்பதற்கென்றே தனியாக ஓர் உலாவியை 2021இல் வெளியிட வேண்டி வந்தது.

இப்போது பிளாஷ் இல்லை. ஆனால் கறுவாப்பட்டை விழுகிறது! அதைத்தான் தம்பிக்குச் சொன்னேன். செருகுமென்பொருள் தேவையில்லை என்பதால் பாரம் குறைந்துவிட்டதாக அர்த்தமில்லை. அவருடைய முகப்புப் பக்கத்தைப் பையன் ஒருவரைக் கொண்டு அளந்து பார்த்தோம். 11 மெகாபைட். என் கடையில், வைபையை நிறுத்திவிட்டு, டேட்டாவில் ஒரு விலை குறைந்த போனில் திறந்தோம். விலைப்பட்டியல் கண்ணில் பட 25 விநாடி பிடித்தது. அழைக்க வேண்டிய இலக்கம் ஒரு படத்துக்குள் இருந்தது, விரலால் தட்டினால் அழைப்பு போகவில்லை. கறுவாவின் தரம் என்ன, குறைந்த அளவு எவ்வளவு எடுக்க வேண்டும் என்று வெளிநாட்டு வாங்குநர் முதலில் கேட்கும் விடயங்கள் மூன்றாவது பக்கத்தில்தான் இருந்தன.

அசைவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இன்று எனது வியாபாரத்தில் பாதி, பகல் வெளிச்சத்தில் விரலுக்கிடையில் கல்லைத் திருப்பி எடுக்கும் பத்து விநாடி வீடியோவால் நடக்கிறது. படத்தில் தெரியாத ஒளியும் உள்ளே இருக்கும் கறையும் அசைவில்தான் தெரியும். வாங்குநரே அதைக் கேட்கிறார். கறுவாவையும் சீவுவதிலிருந்து சுருட்டுவது வரை ஒரு சிறு வீடியோவாக எடுத்துப் போடலாம். ஆனால் பார்க்க விரும்புகிறவர் தட்டினால் ஓட வேண்டும். சத்தத்தோடு தானாக ஓடக் கூடாது. ஒப்பிஸில் இருந்து பார்ப்பவர் வீணைச் சத்தம் கேட்டதும் பதறி மூடிவிடுவார்; நமக்கு அதுவும் நடந்திருக்கிறது.

தளம் செய்பவரிடம் கடைசிக் கட்டுக் காசைக் கொடுக்கும் முன் மூலக்கோப்புகள், கடவுச்சொற்கள், தளத்தின் பெயர் யாருடைய பெயரில் பதியப்பட்டிருக்கிறது என்பதற்கான பதிவு ஆகியவற்றைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். விலையையும் இலக்கத்தையும் நமது கடைப் பையனே மாற்றக் கூடியதாக இருக்க வேண்டும். நான் கேட்காமல் விட்டது இவைதான்.

தம்பி அடுத்த நாளே செய்தவரிடம் போனார். தளத்தின் பெயர் செய்தவரின் பெயரில்தான் பதிவாகியிருந்ததாம். எழுதி வாங்கி மாற்றிக்கொண்டார். இலக்கமும் விலைப்பட்டியலும் முகப்புக்கு வந்துவிட்டன. கறுவாப்பட்டையை மட்டும் முழுதாக எடுக்கவில்லை. அவருடைய வாப்பாவுக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டதாம். எங்களைப் பற்றி என்ற பக்கத்தில் கடைசியாக, தட்டினால் மட்டும் விழுகிற மாதிரி வைத்திருக்கிறார்.